மணியின் நாக்கு

வெந்நீரில் நனைத்த துணியால் தந்தையின் உள்ளங்கையைப் பிரியாந்தா துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆற்றுப்பாலத்தின் பக்கமிருந்து முரசொலி எழுந்தது. அடுத்த கணமே அவளுடைய தம்பி தெய்யோ மூச்சிரைக்க உள்ளே பாய்ந்தான்.

"அக்கா! அரண்மனைக் காவல் பிரபுவைத் துரத்திட்டாங்க! ஒத்தச் செருப்போட ஓடினானாம்! கலகக்காரங்க ஊருக்குள்ள வந்துட்டாங்க. இனிமே அரசிதான் ஆளப்போறாங்களாம்!"

"மெதுவா பேசுடா. அப்பா படுத்திருக்கார்" என்றாள் பிரியாந்தா.

பித்துப் பிடித்தவள், ஆளத் தகுதியற்றவள் என்று பெற்ற தகப்பனாலேயே தீர்ப்பளிக்கப்பட்டு, காஸ்தீல் நாட்டின் அரசி அவ்வூர் அரண்மனையில் அடைக்கப்பட்டிருந்தாள். அந்தத் தகப்பன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அச்செய்தி அவளுக்கு எட்டவில்லை; தெரிந்தால் ஆட்சியைக் கேட்பாளென்று எட்டவிடவில்லை. துக்க மணி கேட்டால் இறந்தவர் யாரென்று அவள் வினவுவாள். ஆகவே, அரண்மனையை ஒட்டிய கோயில் மணியின் நாக்கை ஆட்டுத்தோலால் சுற்றிக் கட்டச் செய்தார்கள். அன்றுமுதல் ஊரில் எவருடைய சாவுக்கும் மணி ஒலிக்கவில்லை. அந்தத் தோலைத் தம் கையாலேயே கட்ட நேர்ந்தவர் பிரியாந்தாவின் தந்தை, மணியடிக்கும் ஃப்ரூத்தோஸ். இன்று விடியலில் இறந்தவரும் அவரே. "என்னை ஊமையா அனுப்பிடாதேம்மா" என்பதே மகளிடம் அவர் இறுதியாகப் பேசியது.

"தெய்யோ, கத்தியை எடு."

"எதுக்கு?"

"தோலை அறுக்க."

கோயில் வாசலில் பங்குச் சாமியார் கைகளை விரித்து வழிமறித்தார்.

"வேண்டாம்மா. கலகத் தலைவருங்க பக்குவமா நேரம் பாத்து அரசிகிட்ட அவங்கப்பா செத்த விஷயத்தைச் சொல்லப்போறாங்க. நீ இப்ப அடிச்சா, யார் செத்தான்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சாமி. எங்கப்பா செத்துட்டார். இதுல பொய் என்ன இருக்கு?"

"பிரபு திரும்பி வந்துட்டா?"

"முதல்ல இன்னொரு செருப்பைத் தேடட்டும்" என்றான் தெய்யோ.

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவர் அடக்க முயன்ற இடைவெளியில் இருவரும் படியேறிவிட்டனர்.

தோல் மரப்பட்டையாய் இறுகியிருந்தது. பிரியாந்தா அதை அறுத்தெறிந்தாள். தெய்யோ தன் முழு உடலையும் கயிற்றில் தொங்கவிட்டான். முதல் ஒலியில் புறாக்கள் சிதறின, கோபுரமே அதிர்ந்தது. கீழே சதுக்கத்தில் திரண்டிருந்த கூட்டமோ, துக்க மணியின் ஓசையையே மறந்துபோயிருந்தமையால், அதை வெற்றி மணியென்று எண்ணித் தொப்பிகளை வானில் வீசியது. "அரசி வாழ்க! அரசி வாழ்க!"

"அக்கா, அப்பா சாவுக்கு ஊரே ஆடுதே!"

"ஆடட்டும். நிறுத்தாதே, இழு!" என்று அவளும் கயிற்றைப் பற்றினாள்.

ஒவ்வோர் அடிக்கும் இடையே துக்க மணிக்குரிய நீண்ட மௌனம் நிற்பதை முதலில் கிழவிகளே கவனித்தனர். ஒருத்தி மண்டியிட்டாள். ஆரவாரம் தெருத்தெருவாக அடங்கியது.

அப்போது அரண்மனைப் பணிப்பெண் இனேஸ், மஞ்சள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோபுரத்தின் மேலே ஓடிவந்தாள்.

"அடிப்பாவி, நிறுத்துடி! அந்தம்மா யாருக்கு மணின்னு கேக்குறாங்க!"

"மணியடிக்கிற ஃப்ரூத்தோஸுக்குன்னு சொல்லு."

"சொன்னேன்டி. பாவம்னு சிலுவை போட்டுக்கிட்டாங்க. அப்புறம் என் மூஞ்சியையே பாத்து, 'கடைசியா மணி கேட்டு நாலு வருஷமாச்சே, நடுவுல இந்த ஊர்ல யாருமே சாகலையா?'ன்னாங்க." இனேஸ் சுவரில் சாய்ந்தாள். "இவங்களுக்குப் பித்தாம்! நான் என்னடி பதில் சொல்ல?"

கயிறு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"உன் புருஷன் போனது எப்போ?" என்று கேட்டாள் பிரியாந்தா.

"போன பனிக்காலத்துல. அரண்மனைக்குள்ள கறுப்பு உடுத்தக் கூடாதே. மறுநாளே இந்தப் பாவாடையோடதான் அந்தம்மாவுக்குப் பரிமாறினேன். கண்ணு ஏன்டி சிவந்திருக்குன்னாங்க. வெங்காயம்னேன்."

பிரியாந்தா தன் தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து நீட்டினாள்.

இனேஸ் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் முடிச்சு நழுவியது. நின்று, இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, அரண்மனையை நோக்கி நடந்தாள்.