பல்லுக்கு நாலணா

பல்லுக்கு நாலணா. வேளா மீனின் கொம்புக்குத் தேரடித் தெருவில் பழம்பொருள் கடை நடத்திய முருகையன் வைத்த விலை அது.

மூக்கு நீள வேண்டிய இடத்தில் இருபுறமும் பல் வைத்த ரம்பம் நீண்டிருக்கும் மீன் வேளா. ஆறும் கடலும் கலக்கிற சேற்றை அந்தக் கொம்பால் துழாவித்தான் வயிறு வளர்க்கும். ஐம்பத்தேழாம் வருஷம் மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபம் பார்க்க வந்த மீனவன் காசி, நாலடிக் கொம்பு ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு கடைக்கு வந்தான்.

"இருபது ரூபா குடுங்க மொதலாளி."

"இன்னாய்யா, ஐராவதத்தோட தந்தமா? பல்லுக்கு நாலணா. ஜாஸ்தி பல்லு, ஜாஸ்தி காசு. எப்ப கொண்டாந்தாலும் இதே வெலதான்."

நாற்பது பல். பத்து ரூபாயில் முடித்துவிட்ட பெருமையில் முருகையன் கொம்பைச் சுவரில் மாட்டினான்.

அடுத்த தீபத்துக்குக் காசி ஒரு சாக்கைக் கவிழ்த்தான். சாண் நீளக் கொம்புகள் சரசரவென்று விழுந்தன.

"இது இன்னாது, சீப்பா?"

"வேளாக் குட்டிங்க. பல்ல எண்ணிக்கோங்க, ஒவ்வொண்ணுலயும் நாப்பதுக்கு ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும்."

"குட்டிக்கும் நாப்பதா?"

"பொறக்கும்போதே அத்தினியும் இருக்கும். ஆயி வயித்தக் கிழிக்காம மேல மெத்துனு ஒரு தோல் மூடியிருக்கும். வளர வளரக் கொம்புதான் நீளும், பல்லு கூடாது. பெருசு வலையக் கிழிச்சிடும். குட்டிங்க கழிமுகத்துல முழங்கால் தண்ணியிலயே கெடக்கும். நீங்க வெச்ச வெலைக்குப் பெருச எதுக்குத் தேடணும்?"

எதிரே பூக்கட்டும் ஜோதியம்மாள் சிரித்தாள். "உங்க வாயி சொன்ன வெல உங்களையே கடிக்குது பாருங்க."

சொன்ன சொல்லுக்காக வாங்கினான். செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர்கள், பெட்டிக்குள் அடங்குகிறதென்று மூன்று மடங்கு கொடுத்து அள்ளிப் போனார்கள். அதற்கப்புறமும் சில தீபங்களுக்குக் காசியின் சாக்கு வந்தது; விலையை மாற்ற முருகையனுக்கு மனசே வரவில்லை.

அறுபத்தைந்தில் காசி வெறுங்கையோடு வந்தான்.

"மூணு வருஷமா ஒரு வேளாகூட வலையில விழல. கரையில கொம்பு நட்டுக் கும்பிட்டுத்தான் நாங்க வலை எடுப்போம். பழசு உளுத்துப்போச்சு. மொத மொத நான் வித்த கொம்ப எனக்கே குடுத்துடுங்க."

அவன் பார்வை சுவரில் இருந்தது. அதே கொம்புக்கு அன்று காலையில்தான் ஒரு வெள்ளைக்காரர் இருநூறு ரூபாய் பேசியிருந்தார். சாயங்காலம் பணத்தோடு வருவார். முருகையன் தலையைச் சொறிந்தான், தெருவைப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் ஏறிக் கொம்பை இறக்கினான்.

"எடுத்துப் போய்யா. காசு வேணாம்."

"சாமிக்கு ஓசி ஆகாது. எண்ணுங்க."

எண்ணினான். சாண் நீளத்தில் விற்றதெல்லாம் இந்த நீளம் வளரவேண்டியவை என்பது ஒவ்வொரு பல்லிலும் விரலைக் குத்தியது. இரண்டு பல் உதிர்ந்திருந்தது. ஒன்பதரை ரூபாயைக் காசி எண்ணி வைத்தான்.

"நட்டா திரும்பி வருமா காசி?"

"வர்றதுக்கு எங்கியாவது மிச்சம் இருக்கணுமே மொதலாளி."

காசியின் கணக்கு தீர்ந்தது. கடலின் கணக்கை முருகையன் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். எடுத்தது தாய் ஒன்று, இத்தனை வருஷத்துச் சாக்குகளில் குட்டி அறுபத்து மூன்று. திருப்பியது, இரண்டு பல் குறைந்த கொம்பு ஒன்று. பாக்கி, மீன் அறுபத்து நாலு.