காலையில் மட்டும் மக்கர்

மூன்று மாதமாக எங்கள் டிராக்டருக்கு இதே வேலை. காலையில் சாவியைத் திருப்பினால் கம்மென்று கிடக்கும். மதியத்தில் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பேட்டரி மாற்றியாயிற்று. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டியாயிற்று. மெக்கானிக் மூன்று முறை மதியத்தில் வந்தான். மூன்று முறையும் ஒரே திருப்பில் கிளப்பிவிட்டு, "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

இன்றைக்கு விட்டால் போச்சு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் உழுது விதைக்காவிட்டால் நிலம் சேறாகிவிடும், இந்தப் போகம் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நானே போன் போட்டு மெக்கானிக்கைக் காலையிலேயே வரவழைத்தேன்.

வந்தவன் ஏறினான், மிதித்தான், திருப்பினான். கிளம்பிவிட்டது. அணைத்துவிட்டு இறங்கினான். இவர் ஏறித் திருப்பினார். சத்தமே இல்லை.

"எங்கிட்ட மட்டும்தான் இதுக்கு வீம்பு," என்றார்.

மெக்கானிக் இவருடைய காலையே பார்த்தான். நானும் பார்த்தேன். கிளட்ச்சை அடிவரை மிதித்தால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். பாதுகாப்புக்காக அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. இவருடைய இடது கால் அதற்கு இரண்டு விரற்கடை முன்பே நின்றுவிட்டது. முட்டி நடுங்கியது. காலையில் இறுகிக் கிடக்கும் முட்டி, நடந்து நடந்து மதியத்துக்குள் இளகிவிடுகிறது. நானோ மூன்று மாதமாக அந்த இரும்பைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"எப்பலேருந்துங்க இப்படி?"

அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "அந்த சுவிட்ச எடுத்துட்டு ஒயர நேரா குடுத்துடு," என்றார்.

"அஞ்சு நிமிஷ வேலைதான்..." என்று இழுத்தான் அவன், என்னைப் பார்த்துக்கொண்டே.

"கிளப்புறதுக்கு மிதிக்க முடியாத கால், நிறுத்துறதுக்கு மட்டும் மிதிக்குமா?" என்றேன். "இறங்குங்க."

"கால் இப்படின்னு தெரிஞ்சா வண்டிய என் தம்பிகிட்ட குடுக்கச் சொல்லுவ. அதான் சொல்லல," என்றார்.

மெக்கானிக்கை ஒவ்வொரு முறையும் மதியத்துக்கு மேல் வரச்சொன்னது இவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர் இறங்கியதும் நான் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை ஓங்கி மிதித்தேன். களத்துக்குள் வண்டியை நகர்த்தி நிறுத்தியதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் வயலுக்கு ஓட்டிப்போனேன்.

உழவு கோணல்மாணலாகத்தான் போனது. "வலது பக்கம் புடி, இன்னும் புடி," என்று கத்திக்கொண்டே அவர் வரப்போடு கூடவே வந்தார். இத்தனை நாள் என் கண் முன்னால் நேராக நடந்து காட்டிய மனுஷன், இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் அடிக்கு அடி நொண்டினார். கால் அவ்வளவு மோசம் என்று நான் நினைக்கவே இல்லை. நல்லா நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.