இரண்டு கேபி வம்ச சரித்திரம்

'காவிரி வற்றினாலும் எங்கள் வம்சத்தின் சரித்திரம் வற்றாது. இது காலத்தின் நெற்றியில் பொறித்த கல்வெட்டு.'

ஓய்வுபெற்ற தாசில்தார் கல்யாணம் தம் நூலின் முன்னுரையை இப்படித்தான் தொடங்கியிருந்தார். மன்னார்குடியில் பூமிகாவின் டிடிபி கடைக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகிப் பார்த்தபோது அந்தக் கல்வெட்டு மொத்தம் இரண்டு கேபி இருந்தது.

செருகுவதற்கு முன் அதன் முனையில் அப்பியிருந்த குங்குமத்தைப் பூமிகா பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. கல்யாணம் அதைப் பூஜையில் வைத்து எடுத்து வந்திருந்தார். மறுநாள் காலை அக்கா அகிலாண்டத்தின் எண்பதாவது பிறந்தநாள் விழாவில் நூல் வெளியீடு. நானூறு பேருக்கு அழைப்பிதழ் போய்விட்டது. மாலைக்குள் ஒரு பிரதியாவது கையில் வேண்டும்.

"சார், இதுல புஸ்தகம் இல்லீங்க."

"நன்னாப் பாரும்மா. மூணு வருஷ உழைப்பு. நூத்தியெண்பத்தாறு பக்கம்."

"இது ஷார்ட்கட் சார். மூலையில அம்புக்குறி இருக்கு பாருங்க. நிஜ ஃபைல் உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் ஃபோல்டருக்குள்ள இருக்கும். இது அங்க போக வழி காட்டுற போர்டு, அவ்ளோதான். எங்க ஊரு தரங்கம்பாடிக்கு அம்பு போட்ட போர்டைப் பிடுங்கிட்டு வந்து, கடலைக் காட்டுன்னா நான் என்னங்க பண்றது?"

கல்யாணத்துக்கு உவமை பிடிக்கவில்லை.

"வீட்ல இருக்கறதை எடுத்துட்டு வந்துடுங்க. பத்து நிமிஷ வேலை."

பெங்களூர் மகன் விஸ்வா, அப்பா சுலபமாகத் திறக்கட்டும் என்று திரையில் வைத்துவிட்டுப் போன படத்தைத்தான் கல்யாணம் காலையில் நகலெடுத்திருந்தார். அப்புறம் ஃபோல்டர்களைத் துழாவியபோது, அதே பெயரில் இன்னொன்று அகப்பட்டது. முப்பத்திரண்டு வருஷ ரெவின்யூ ரத்தம் கொதித்தது. ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பட்டாவா? போலியை அந்த இடத்திலேயே ரத்து செய்தார்.

"டெலீட் பண்ணிட்டேம்மா."

"பரவாயில்ல சார், ரீசைக்கிள் பின்ல கிடக்கும். வீட்ல யாரையாச்சும் பார்க்கச் சொல்லுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டார். மனைவி வித்யாலக்ஷ்மி எடுத்தாள்.

"திரையில குப்பைத்தொட்டி படம் இருக்கா பாரு."

"இருக்கே. காலியா இருக்கு. குப்பையைச் சேர்த்து வெச்சுண்டா லக்ஷ்மி தங்கமாட்டான்னு காலம்பற நீங்கதானே கொட்டினேள்?"

ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விஸ்வாவுக்கு ஒரு காப்பி அனுப்பி வைங்கோன்னு எத்தனை தடவை அடிச்சுண்டேன்?"

"ரெண்டு இடத்துல ஒரே ஆவணம் இருக்கப்படாதுடி!"

"இப்போ ஒரு இடத்துலயும் இல்லை."

போனை அணைத்தார்.

"தஞ்சாவூர்ல ஒருத்தர் மீட்டுத் தருவாரு சார்," என்றாள் பூமிகா. "ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக் கொடுக்கணும். ஒரு வாரம் ஆவும். வந்தாலும் வரும், வராமலும் போவும்."

கல்யாணம் அந்த அம்புக்குறியைப் பார்த்தார். அது எதையோ காட்டிக்கொண்டுதான் இருந்தது.

"பைண்டிங் மட்டும் மாலைக்குள்ள ஆயிடுமோ?" என்று கேட்டார்.

மறுநாள் நாதஸ்வரம் முழங்க, சிறப்பு விருந்தினர் பட்டுத்துணி சுற்றிய நூலைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். வரிவிடாமல் படித்ததாகவும், மூன்றாம் அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டதாகவும் பேசினார். கல்யாணம் எழுந்து கைகூப்பினார்.

நூற்றெண்பத்தாறு பக்கமும் வெற்றுத்தாள்.