மூளைப் பொடி

துண்டறிக்கையில் அவளுடைய படம் அச்சாகியிருந்தது. பஸ் பாஸுக்காக எப்போதோ எடுத்த படம். தூக்கத்தில் இருந்தவளைத் தண்ணீர் தெளித்து எழுப்பிய மாதிரி ஒரு முழி. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், "மூன்று முறை தோற்றவர்! ஆறே மாதத்தில் நில அளவையர்!" என்று போட்டிருந்தது. பக்கத்தில் பச்சை மூடி போட்ட மூளைப் பொடி டப்பா. டப்பாவின் படம் அவள் படத்தைவிடப் பெரிது.

அதை அச்சடித்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்தான். அவன் கை வைக்காத வியாபாரம் கிடையாது. மண்புழு உரம் விற்றான், புழுக்கள் செத்தன. காந்தப் படுக்கை விற்றான், வாங்கியவர்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது மூளைக்கு வந்திருந்தான். அடுத்தவர் மூளையைப் பற்றிப் பேச அவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்க அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை. ஏனென்றால் அவன் "சூட்டிகை". அவள் "மண்டு". அவளுக்கு ஆறு வயதிலேயே வீட்டில் இந்தப் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் பதிலாக எட்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னதற்கு அண்ணன் வைத்த பெயர் அது. நாற்பது வயதிலும் அம்மா வீட்டுக்குள் நுழைந்தால், "வாடி மண்டு" என்றுதான் வரவேற்பு.

துண்டறிக்கை அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. நில அளவை அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவள் பதினோரு வருடமாக மனைகளின் எல்லைக்கோடுகளை வரைந்துகொண்டிருந்தவள். பக்கத்து மேசைக்காரருக்கு "ரப்பர்" என்று பெயர். யார் வரைந்ததிலும் எதையாவது அழிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர்தான் அந்தக் காகிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

"ஏம்மா, இவ்வளவு நாளா பக்கத்துல உக்காந்திருக்கோம். எங்களுக்கும் ரெண்டு கரண்டி கண்ணுல காட்டியிருக்கலாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அவள் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகைகூட வாயில் போடவில்லை. அண்ணன் கொடுத்த டப்பாவை அன்றே பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

நில அளவையர் தேர்வில் தேறியது எப்படி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த அந்த ஒன்றுதான் அவளுடைய சொத்து.

மூன்று முறையும் அவள் கவிழ்ந்தது கோணக் கணக்கில். அலுவலகத்தில் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும். தேர்வு அறையிலோ கால்குலேட்டர்கூடக் கூடாது. தோற்ற ஒவ்வொரு முறையும், "உனக்குக் கணக்கு வராதுடி, விடேன்" என்றாள் அம்மா. நான்காவது முறைக்குத் தயாராகும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய கேள்வித்தாள்களையெல்லாம் தரையில் பரப்பி, தேர்வில் போடுகிற அதே அவசரத்தோடு போட்டுப் பார்த்து, தவறான விடைகளை மட்டும் தனியே எழுதினாள். சரியான விடைக்கும் தன் விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வந்தாள். நாற்பது. அடுத்ததும் நாற்பது. அதற்கடுத்ததும் நாற்பது நிமிடம்தான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோணத்தில் ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். நூற்றிருபத்தெட்டு டிகிரி பத்து நிமிடத்திலிருந்து நாற்பத்தேழு டிகிரி ஐம்பத்தைந்து நிமிடத்தைக் கழிக்க வேண்டுமானால், ஒரு டிகிரியைக் கடன் வாங்கி அறுபதைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் அவள் கை பள்ளிக்கூடப் பழக்கத்தில் நூறைச் சேர்த்துக்கொண்டிருந்தது. எண்பது டிகிரி பதினைந்து வரவேண்டிய இடத்தில் எண்பது டிகிரி ஐம்பத்தைந்து. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆறு வருடம், மூன்று தேர்வு, இந்த ஒரே ஒரு தப்பு. அவள் மண்டு இல்லை. அவள் கைக்கு ஒரு கெட்ட பழக்கம், அவ்வளவுதான். அன்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை முடிந்து வந்த கணவர், என்னவோ ஏதோ என்று பயந்துபோய் நின்றார். அவருக்கும் விளக்கிச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது என்றாலும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் கண்டுபிடிப்பை இப்போது பச்சை மூடி டப்பா எடுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அந்த வாரக் கடைசியில் அவளும் கணவரும் அம்மா வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் டப்பாக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நாற்காலியில்கூட இரண்டு டப்பா உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, என் படத்தை எடுத்துடு."

"ஏன், நல்லா விழலையா? வேற படம் குடு, மாத்திடறேன்."

"நான் உன் பொடியைச் சாப்பிடவே இல்ல. குடுத்த அன்னிக்கே தொட்டியில கொட்டிட்டேன்."

அண்ணன் உடம்பு குலுங்கச் சிரித்தான். "அம்மா, கேட்டியா உன் பொண்ணு பேச்சை? சாப்பிட்டதே மறந்துபோச்சாம்! பொடியை நிறுத்தாதேன்னு அப்பவே சொன்னேன்."

"மறக்கல. நானே உக்காந்து கண்டுபிடிச்சேன். என் தப்பு எங்கன்னு..."

"சரிடி, நீயே கண்டுபிடிச்சே," என்றாள் அம்மா, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில். "அதைக் கண்டுபிடிக்கிற புத்தி இத்தனை வருஷமா எங்க போச்சு? உங்கண்ணன் இப்பதான் தலையெடுக்கிறான், அது பொறுக்கலையா உனக்கு?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பக்கம் பேசக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். விடியற்காலையில் அவளோடு எழுந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாவது கேள்வி கேட்டவர். "நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை என்ன சொல்வார்? அவருக்குத் தெரியாததா?" என்று அண்ணன் அவர் தோளில் தட்டினான். அந்தத் தட்டலில் ஏதோ ஒரு கூட்டாளித்தனம் இருந்தது. அது அவளுக்கு அப்போதே சுருக்கென்றது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நான்கு நிறுத்தம் தாண்டியபின் அவர் பேசினார்.

"கோச்சுக்காதே. நீ கொட்டினதை நான் பாத்தேன். மறுநாளே மச்சான்கிட்ட இன்னொண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். தினம் காலையில டீயில ஒரு கரண்டி கலந்து குடுத்தேன்."

அவளுக்கு முதலில் அந்த வாக்கியம் மண்டையில் ஏறவில்லை.

"எதுக்கு?"

"மூணாவது தடவை ரிசல்ட் வந்தப்ப பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதியே, வெளியில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நான் என்ன பண்ணட்டும்? எனக்கு லென்ஸ் தேய்க்கத் தெரியும். கணக்கா தெரியும்? ஏதோ என்னால ஆனது."

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு மனம் ஆறியிருக்கும். இவர் நல்லவர். நல்லவர்கள் செய்துவைப்பதற்கு வைத்தியமே இல்லை.

"எப்போலேருந்து?" என்றாள்.

"என்ன?"

"எப்போலேருந்து கலந்தீங்க? நான் தப்பைக் கண்டுபிடிச்ச அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "முன்னாடிதான். மூணு வாரம் இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் கணவரிடமிருந்து டப்பாவை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தாள். சர்க்கரை, மாவு, நிறம், வாயில் நுழையாத இரண்டு இலைகளின் பெயர். இதனால் யாருக்கும் புத்தி வளராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மனம் கணக்குப் போட்டது. பொடி இல்லாமல் மூன்று தடவை தோல்வி. பொடியோடு ஒரு தடவை, தேர்ச்சி. அந்த நாற்பதைக் கண்டுபிடித்தது யார்? நானா, கரண்டியா? இல்லை இல்லை என்று தள்ளினாலும், எந்த வேலைக்கு நடுவிலும் அந்தக் கேள்வி வந்து நின்றது. பதில் கண்டுபிடிக்க ஒரே வழி, பொடி குடிக்காத இன்னொரு அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே தரையில் உட்கார்ந்து பார்ப்பது. அதற்கு எங்கே போவது?

இரண்டு மாதம் கழித்து அடுத்த நிலைத் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. பிரிவு அதிகாரி விண்ணப்பத்தை அவள் மேசையிலேயே கொண்டுவந்து வைத்து, "இந்தத் தடவை நீங்கதான் முதல்ல வருவீங்க" என்றார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. கணவர்தான் எடுத்து வந்து பேனாவோடு நீட்டினார்.

"நாளைக்குக் கடைசி நாள். ஏன் எழுதல? சத்தியமா ஒண்ணும் கலக்க மாட்டேன். இனிமே டீயை நீயே போட்டுக்கோ."

"பாஸ் பண்ணினா பழைய பொடி இன்னும் வேலை செய்யுதும்பாங்க. தோத்தா பொடியை நிறுத்தினதாலம்பாங்க. ரெண்டுலயும் நான் எங்கங்க வர்றேன்?"

"யாரு வேணா என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். எனக்குத் தெரியும். நீ பாஸ் பண்ணினது உன் மூளையாலதான். நான் அதை நம்புறேன்."

அவள் விண்ணப்பத்தை வாங்கி நான்காக மடித்தாள்.

"நீங்க நம்பியிருந்தா கரண்டியையே எடுத்திருக்க மாட்டீங்க," என்றாள்.

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் மடித்த விண்ணப்பத்தை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தன் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.