ஒரு தாச்சித் தொதல்

இரண்டாவது சிரட்டை உமியையும் அடுப்பின் தகர வாயில் கொட்டிவிட்டு, காலிதீன் ஏச்சுக்காகக் காத்திருந்தார்.

ஒரு தடவைக்கு ஒரு சிரட்டைதான் என்பது மனைவி முனவ்வறாவின் சட்டம். இரண்டு போட்டால் உமி எரியாது, புகையும். பாதி வேகாமல் கரியாகக் கீழே விழும். "இஞ்ச பாருங்க மச்சான், நுளம்புக்கா பொக போடுறீங்க?" என்பாள். பெரிய இரும்புத் தாச்சிக்கு எதிரே, சுவரோரப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு கிண்டுபவரையும் அடுப்பையும் ஒரே பார்வையில் மேய்ப்பாள்.

ஏச்சு வரவில்லை. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் அரிசிமாவும் இறுகிக்கொண்டிருந்த தொதலில் காலிதீன் துடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். புகை எழுந்து அவள் பக்கமாகவே போனது. அப்போதும் ஒன்றும் வரவில்லை. அதன் பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்து தாச்சியையே பார்த்தபடி இருந்தது.

காலிதீன் போட்ட சத்தம் கேட்டு, அவரை 'காக்கா' என்று அண்ணனாகக் கூப்பிடும் பக்கத்து வீட்டு றஸாக் வேலியால் பாய்ந்து வந்தான். இருவருமாக அவளைத் தூக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். றஸாக் நாடியைப் பிடித்தான், மூக்கருகே விரலை வைத்தான், பிறகு "இன்னா லில்லாஹி..." என்று தொடங்கி அழுதான். அப்போது குசினிப் பக்கமிருந்து அடிப்பிடிக்கும் மணம் வந்தது.

"றஸாக், கிண்டு," என்றார் காலிதீன்.

"என்ன காக்கா?"

"தொதல. அடி புடிக்கிது. போய்க் கிண்டு."

அடுத்த தெரு டொக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போகும்வரை றஸாக் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கைத் தோளில் துடைத்துத் துடைத்துக் கிண்டிக்கொண்டிருந்தான்.

செய்தி கேட்டு முனவ்வறாவின் மூத்த சகோதரர் ஸஹீத் வந்தார். முற்றத்தில் மோட்டார் சைக்கிளை விட்டதும் புகைதான் அவர் கண்ணில் பட்டது.

"என்ன மச்சான் இது? மையத்து ஊட்ல அடுப்பு எரியுது! மூணு நாளைக்கு இந்த ஊட்ல நெருப்பு கூடா எண்டு தெரியாதா? சனம் என்ன கதைக்கும்? எறக்கி வைங்க."

"இப்ப எறக்கினா ஒண்டுக்கும் ஒதவா மச்சான். வீசத்தான் வேணும்."

"வீசுங்க! தங்கச்சியே போயிட்டாள், தொதலாம் தொதல்!"

இந்த வளவில் எதுவும் வீசப்பட்டதைக் காலிதீன் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் அவர்களின் தொதல் வியாபாரத்துக்குக் காட்டு விறகுதான் லொறியில் வந்தது. சம்மாந்துறை நெல் ஆலைகளுக்கு அரிசி எடுக்கப் போன முனவ்வறா, தெருவோரம் மலையாய்க் குவித்து உமியைச் சும்மா எரிப்பதைக் கண்டுவிட்டு வந்து விறகை நிறுத்தினாள். முதல் கிழமை தெருவே இருமியது. அதிகம் இருமியதும் ஏசியதும் ஸஹீத்தான். பிறகு அவள் புகைபோக்கி கட்டினாள். தேங்காய்ச் சக்கை றஸாக்கின் ஆட்டுக்குப் போனது, உமிச் சாம்பல் கத்தரித் தோட்டத்துக்கு, தாச்சி கழுவிய தண்ணீர் வாழைக்கு. அவளைப் பார்த்து மற்றத் தொதல்காரரும் உமிக்கு மாறினார்கள். 'அள்ளிக்கொண்டு போனால் போதும்' என்றிருந்த ஆலைக்காரர் இப்போது முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்கிறார். அப்படிப்பட்டவளின் கடைசித் தாச்சியைக் குப்பையில் கொட்டிவிட்டு எந்த முகத்தோடு அவளை அடக்கக் கபுறடிக்குப் போவது?

உள்ளிருந்து முனவ்வறாவின் தங்கை ஸுஹைறா வெற்று வாளியோடு வெளியே வந்தாள். சிவந்த கண்ணோடு அண்ணனைப் பார்த்தாள்.

"காக்கா, இந்த அடுப்ப நாம மூட்டல்ல. விடியச் சுபஹு தொழுதிட்டு ராத்தாதான் மூட்டின. அவ மூட்டின அடுப்ப அவ உசிரோட இரிக்கக்க நீங்க அணைச்சிருப்பீங்களா?"

ஸஹீத் அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"அணைச்சிப் பாத்திருக்கணும்," என்றான் றஸாக் அடுப்படியிலிருந்து.

"நீ வாயப் பொத்து."

"உள்ளுக்க குளிப்பாட்டத் தண்ணி எடுக்கிறம்," என்றாள் ஸுஹைறா. "ஒருத்தி வாளிய ததும்பத் ததும்ப நெறச்சிட்டா. 'மெல்லப் புள்ள, ராத்தா ஏசுவா' எண்டு என்ட வாயில தானா வந்திட்டு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க காக்கா. மறுகா எல்லாரும் அழுதாங்க."

அவள் கிணற்றடிக்குப் போனாள். ஸஹீத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"காக்கா, கெதியா ஒரு முடிவச் சொல்லுங்க," என்றான் றஸாக். "கை ரெண்டும் கழண்டு போகுது."

ஸஹீத் எட்டித் தாச்சிக்குள் பார்த்தார்.

"கிண்டுறானாம் கிண்டு! ஒலுவில் ஹாபர்ல தோணியா வலிக்காய்? அடியத் தொட்டுக் கிண்டுடா. தா இஞ்ச!" என்று கையை மடித்துவிட்டுத் துடுப்பைப் பறித்தார்.

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்த ஆண்களெல்லாம் முதலில் காலிதீனைக் கட்டிப்பிடித்தார்கள். அடுத்ததாகத் துடுப்பு கைக்கு வந்தது. சிலர் கலிமாச் சொல்லிக்கொண்டே கிண்டினார்கள். பள்ளிவாசல் மோதினார் ஒரே ஒரு சுற்றுத்தான் கிண்டினார், வியர்த்துக் கொட்டியது. "இத அவ ஒவ்வொரு நாளும் செஞ்சாவா?" என்று கேட்டார். "செய்யல்ல, செய்ய வெச்சா," என்றார் காலிதீன். முற்றமே சிரித்தது. சிரித்தது கூடத்துக்குள்ளும் கேட்டிருக்கும். யாரும் அதட்டவில்லை.

மதிய ளுஹர் பாங்குக்குச் சற்று முன்னால் தொதல் எண்ணெய் கக்கித் தாச்சியை விட்டு விலகியது. இறக்கித் தட்டுகளில் பரப்பினார்கள். அடுப்பு தானாக அணையட்டும் என்று விட்டுவிட்டு, எல்லோரும் கிணற்றடியில் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டு வந்து முனவ்வறாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள்.

மையவாடியிலிருந்து திரும்பியபோது அயல் வீடுகளிலிருந்து சோறு வந்திருந்தது. காலிதீன் சாப்பிடவில்லை. தட்டுகள் அடுக்கியிருந்த மேசையருகே நின்றார். ஸஹீத் ஒரு கத்தியோடு வந்தார்.

"கிண்டினவனெல்லாம் வாசல்ல இரிக்கான் மச்சான். ஆளுக்கு ஒரு துண்டு வெட்டுவமா?"

காலிதீன் தட்டின் அடியில் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இப்ப வெட்ட ஏலா. சூடாரிக்கி," என்றார்.

ஸஹீத் கத்தியை வைத்துவிட்டுத் தானும் தட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது.