திருப்பி ஓட்டிய கதவு

பொலிக்ஸேனி தன் படத்தை என்னிடம் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் மற்றவர்களுக்கு உதவி இயக்குநராக நின்று, கடைசியில் சொந்தமாக எடுத்த முதல் படம். பெயர் 'முப்பத்தொன்பது நாட்கள்'.

"சரந்திஸ், என்ன வேணா எடுத்துக்கோ. கடைசிக் காட்சியை மட்டும் தொடாத. அந்த அம்மா கூப்பிடுறதை ஜனங்க தியேட்டர்லதான் முதல்ல கேக்கணும்."

"சத்தியமா தொடமாட்டேன்," என்றேன்.

என் தொழில் டிரெய்லர் வெட்டுவது. ஏதென்ஸில் இந்த வேலை செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பதினோரு வருடமாகச் செய்கிறேன். ஒன்றரை மணி நேரப் படத்தை இரண்டு நிமிடமாக்கி, பார்க்கிறவனைத் தியேட்டருக்கு இழுத்து வரவேண்டும். மட்டமான படத்துக்கு நல்ல டிரெய்லர் வெட்டிய பெருமை எனக்கு நிறைய உண்டு. "படம் குப்பை, டிரெய்லர் பிரமாதம்" என்று யாராவது எழுதினால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

பொலிக்ஸேனியின் படம் குப்பை இல்லை. ஒரு மீனவத் தாய். மகன் யாகூமி படகில் போகிறான், படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் சர்ச்சில் கோதுமை அவித்துப் படைத்து அவனை இறந்தவன் என்று வழியனுப்ப ஊர் ஏற்பாடு செய்கிறது. அந்தத் தாய் யாரிடமும் பேசுவதில்லை. படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்தொன்பதாம் நாள் விடியலில் எழுந்து, வாசற்கதவைத் திறந்து, வெறும் தெருவைப் பார்த்து, சாப்பிடக் கூப்பிடுவதுபோல மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒரே ஒருமுறை. யாரும் வருவதில்லை. உள்ளே போய் உலையில் கோதுமையைப் போடுகிறாள். படம் முடிகிறது.

முதலில் நான் வாக்குத் தவறவில்லை. கடைசிக் காட்சி இல்லாமல் இரண்டு டிரெய்லர் வெட்டினேன். படத்தை வெளியிடுகிற பந்தெலிஸ் இரண்டையும் திருப்பி அனுப்பினார்.

"இதுல என்னடா இருக்கு? ஒரு பொம்பள உக்காந்திருக்கா. அப்புறம் எந்திரிக்கிறா. மறுபடியும் உக்காருறா. இதைப் பாத்துட்டு எவன் வருவான், தூக்கம் வராதவனா?"

அவருடைய அலுவலகத்தில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவள் தனாயி. இருபத்தேழு வயது, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "பந்தெலிஸ் கத்துறாருன்னு அந்தக் கூப்பிடுற சீனை டிரெய்லர்ல போட்டுடாதீங்க. பொலிக்ஸேனிக்கு மனசு ஒடஞ்சிரும்."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அதைத்தான் எடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. இரண்டு முறை தோற்றுப்போனது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். தாய் "யாகூமீ" என்று கூப்பிடுகிற குரலை மேளச் சத்தத்துக்கு நடுவே வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்ட பிறகு ஒரு பதில் வேண்டும்போல இருந்தது.

படத்தின் தொடக்கத்தில், மகன் கடலுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று தாயைப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்து மூடுவான். வெளிச்சம் பின்னாலிருந்து விழுவதால் முகம் தெரியாது, உருவம் மட்டும்தான். அந்தத் துண்டை எடுத்துப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஓட்டினேன். இப்போது மூடிய கதவு திறந்தது. வாசலில் மகன் நின்றான். தாயின் குரல், அடுத்த நொடி கதவு திறக்கிறது, அவன் நிற்கிறான், திரை இருள்கிறது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. எழுந்துபோய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். அந்தக் காபியின் ருசி ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

பந்தெலிஸ் கைதட்டினார். ஒரு வாரத்துக்குள் நாடு முழுக்க அந்த டிரெய்லரை ஃபோனில் பார்த்துவிட்டார்கள்.

பொலிக்ஸேனி ஃபோனில் கூப்பிட்டார். குரல் உயரவில்லை.

"நீ சத்தியம் பண்ணினியே."

"நான் அப்படி வெட்டல. ஆபீஸ்ல மாத்திட்டாங்க," என்றேன்.

"யாரு மாத்தினது?"

ஒரு பெயர் சொல்லவேண்டியிருந்தது. பந்தெலிஸ் பெயரைச் சொன்னால் பொலிக்ஸேனி நேராக அவரிடமே போய்க் கேட்பார். "தனாயிதான் மாத்த வச்சா. எனக்குச் சொல்லவே இல்ல," என்று வாயிலிருந்து வந்தது. சொல்வதற்கு மூன்று நொடிகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பொலிக்ஸேனி அந்தப் பெண்ணோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் ஆபீஸில் எல்லார் முன்னாலும், "நீ படம் பாத்திருக்கியா? இல்ல, போஸ்டர் மட்டும் பாத்தியா?" என்று கேட்டார். தனாயி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் படம் வந்தது. முதல் ஞாயிறு, படம் எடுத்த ஊர்ப்பக்கம் என்பதால், வடக்கே துறைமுக ஊரான கவாலாவில் காலைக் காட்சி. காட்சி முடிந்ததும் இயக்குநர் பேசுவார் என்று விளம்பரம். நாங்கள் நால்வரும் போனோம். தியேட்டர் துறைமுகத்துக்குப் பின் தெருவில். இருக்கை ஒன்றுகூட மிச்சமில்லை. பந்தெலிஸ் என் தோளில் தட்டி, "பாத்தியா, உன் கதவு பண்ற வேலை," என்றார். நல்லவேளை, பொலிக்ஸேனி அதற்குள் உள்ளே போய்விட்டார்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள். ஆனால் அது படத்தைப் பார்க்கிற அமைதி இல்லை, வண்டிக்குக் காத்திருக்கிற அமைதி. விடியற்காலைக் காட்சி வந்ததும் முன்னாலிருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இப்பக் கூப்பிடுவா பாரு," என்றாள். தாய் கூப்பிட்டாள். யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே நூறு முறை கேட்ட குரல். எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய் உள்ளே போனாள். கோதுமை கொதித்தது. பெயர்கள் ஓடின. அப்போதும் ஒருவரும் எழவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு எரிந்தது. பொலிக்ஸேனி திரைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு பேர் படப்பிடிப்பைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு வயதானவர் எழுந்தார். கையில் தொப்பியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"என் பேரு திமோலியோன். பக்கத்துல கேரமோத்தியிலேருந்து வர்றோம். இவ என் மருமக, ஹரிக்லியா."

பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், மடியில் பையை அணைத்தபடி தலை குனிந்திருந்தாள்.

"என் பையன் படகுல போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆளு கிடைக்கல. ஊர்ல எல்லாரும் இவளை விதவைக் கறுப்பு உடுத்தச் சொல்றாங்க, மாட்டேங்குறா. நானும் வற்புறுத்தல. அம்மா, நீங்க எடுத்த படத்தை நான் குறை சொல்ல வரல. டிரெய்லர்ல பையன் திரும்பி வர்றானே, அதப் பாத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். அந்த எடம் எங்க போச்சு? இங்க காட்டுறப்ப வெட்டிட்டாங்களா?"

பொலிக்ஸேனி அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"ஐயா, என் படத்துல அவன் திரும்பி வரமாட்டான். நான் அப்படி எடுக்கவே இல்ல."

"எடுக்காததை எப்படிம்மா காட்டுவாங்க?"

"மன்னிச்சிருங்க," என்றார் பொலிக்ஸேனி. அவர் பார்வை ஓரத்தில் நின்றிருந்த தனாயி மேல் போய் நின்றது. தியேட்டரில் பாதிப் பேர் அந்தப் பார்வை போன திசையில் திரும்பினார்கள். தனாயியின் முகம் காது வரை சிவந்துவிட்டது. அவள் அசையவில்லை.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்து நிற்க எனக்கு இடமிருந்தது, நேரமும் இருந்தது. நான் எழவில்லை.

கூட்டம் கலைந்ததும் வெளியே ஓடினேன். கேரமோத்தி பஸ் நிற்கிற இடத்தில் கிழவரும் அவளும் நின்றிருந்தார்கள். கடற்காற்று அடித்தது. அருகே போய், "ஐயா, அந்த டிரெய்லரை வெட்டினது நான்," என்றேன்.

திமோலியோன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு உனக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

ஹரிக்லியாதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். மெதுவாக, ஏதோ தையல் அளவு கேட்பதுபோலக் கேட்டாள்.

"கதவுல நிக்கிறது யாரு? வேற ஆளா?"

"இல்லங்க. அந்தப் பையனா நடிச்சவருதான்."

"படத்துல அவன் அப்படி நிக்கவே இல்லையே. ஒரே ஒரு தடவை நிக்கிறான், கெளம்பும்போது."

"அதேதான். கதவைச் சாத்திட்டுப் போவான்ல, அதைத் திருப்பி ஓட்டினேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"போறதையா?"

"ஆமா."

"போறதைத் திருப்பி ஓட்டினா வர்ற மாதிரி இருக்குமா?"

"இருக்கும்."

அவள் தலையாட்டினாள். "நல்லாத்தான் இருந்துச்சு. சமையல் பண்ணும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ல, எப்பவும் போட்டுப் போட்டுப் பாப்பேன். கதவு தொறக்குற எடத்துல நிறுத்தி வச்சுக்குவேன். மூஞ்சி தெரியாதுல்ல. யாரு மூஞ்சி வேணா வச்சுக்கலாம்."

பஸ் வந்தது. கிழவர் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றினார். ஏறும்போது அவர், "போயிட்டு வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

மற்ற மூவரும் துறைமுகத்து உணவகத்தில் மீன் சூப்பு வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனாயி மட்டும் தனி மேசையில், தட்டில் எதையும் தொடாமல். நான் உட்காரவில்லை.

"தனாயி இல்ல. நான்தான் வெட்டினேன். யாரும் சொல்லிச் செய்யல. அவ செய்யாதீங்கன்னுதான் சொன்னா."

பந்தெலிஸ் ரொட்டியைப் பிய்த்தபடி, "சரி விடுப்பா, ஜனம் வந்துச்சுல்ல," என்றார்.

பொலிக்ஸேனி அவரைக் கவனிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் தனாயியின் மேசையில் போட்டு உட்கார்ந்தார். "மூணு வாரமா உன்னை நான் பேசின பேச்சுக்கு என்ன சொல்றது, கண்ணு," என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

திரும்பும்போது விமான நிலையத்தில் தனாயியிடம் போனேன். "ஏன் நீ அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் அசிங்கம் எனக்கே உறைத்தது.

"சொல்லிருந்தா யார் நம்பிருப்பா? நீங்க பதினோரு வருஷமா வெட்டுறவரு. நான் நேத்து வந்தவ." பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "சொல்லிட்டீங்க, நல்லது. அதுக்காக நான் இப்ப உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நிக்காதீங்க."

படம் ஏதென்ஸில் பன்னிரண்டு நாள் ஓடியது. "ஏமாத்திட்டாங்க" என்று வாய்க்கு வாய் பரவியதில் மூன்றாவது நாளே கூட்டம் குறைந்தது. உள்ளதை உள்ளபடி காட்டி இன்னொரு டிரெய்லர் வெட்டிக் கொடுத்தேன். பந்தெலிஸ் வேண்டாவெறுப்பாகப் போட்டார். அதைப் பார்த்தவர்கள் சில நூறு பேர். தனாயி கோடைக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டாள். பொலிக்ஸேனிக்கு இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட எனக்கு முகமில்லை. ஹரிக்லியாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முகவரி தெரியாததால் கேரமோத்தி சர்ச் பாதிரியாருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

பழைய டிரெய்லரை எங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தாயிற்று. ஆனால் அதற்குள் யார் யாரோ இறக்கித் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அவற்றை என்னால் எடுக்க முடியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து தேடிப் பார்க்கிறேன். கீழே யாராவது கேட்டிருப்பார்கள்: "கடைசில பையன் நிஜமா வர்றானா?" ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்: "வரமாட்டான். அந்தக் கதவுக் காட்சி படத்தில் இல்லை. அதைச் செய்தவன் நான். மன்னிக்கவும்."

போன மாதம் ஒருவர் பதிலுக்கு எழுதியிருந்தார்: "நாளைக்குத்தான் பாக்கலாம்னு இருந்தேன். முடிவைச் சொல்லிட்டியே, படுபாவி."