வெறும் தண்ணீரில் ஒரு மேடு

ஆராய்ச்சி மாணவி பிரிசில்லா எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த நாள் முதல் எனக்கு எரிச்சல்தான். கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஃபேனை நிறுத்திவிடுவாள். சிதம்பரத்துச் சித்திரை வெயிலில்! பென்சில் முனையளவு கார்பன் மின்முனையின் மேல் களிமண் கரைசலை ஒரு சொட்டு வைப்பாள். காற்று பட்டால் காயும்போது பூச்சு வெடித்துவிடுமாம். வெடித்ததைத் துடைத்து, தேய்த்து மெருகேற்றி, மறுபடி ஒரு சொட்டு. நாற்பத்தொரு முறை எண்ணினேன். மண்ணைப் பூசினால் மின்முனைக்கு அறிவு வந்துவிடுமா என்று கேலி பேசினேன். சிரித்துக்கொண்டே அடுத்த சொட்டை வைத்தாள்.

காடாம்புலியூர்க் கிணறுகளில் குடிநீரைக் கெடுக்கும் நைட்ரைட் உப்பு கலந்திருக்கிறதா என்று, அந்த மின்முனையோடு அங்கேயே போய்ச் சோதிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை நீரில் வைத்தால், நைட்ரைட் இருக்கும் அளவுக்குக் கணினித் திரையில் கோடு மேடாக எழும். அதற்கு முன் அவளுடைய பேராசிரியர் இளவரசி மேடம் ஒரு பரீட்சை வைத்தார். ஐந்து பாட்டில்கள். நான்கில் மேடம் அளந்து கலந்த நைட்ரைட், ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர். எதில் எது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றைத் தப்பாகச் சொன்னாலும் கிணறுகளுக்குப் போக அனுமதி இல்லை. பாட்டில்களைக் கழுவியதும் அந்த வெறும் நீரை நிரப்பியதும் நான்தான். கண்ணாயிரம், இருபத்திரண்டு வருட லேப் அசிஸ்டென்ட்.

நான்கையும் புட்டுப் புட்டு வைத்தாள். கடைசியாக வந்தது வெறும் நீர். அதிலும் கணினித் திரையில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது.

"அது வெறும் தண்ணிம்மா," என்றார் மேடம். "இல்லாதத இருக்குன்னு காட்டுது. இத நம்பி எப்புடி ஊர்க்கெணத்துல எறக்கறது?"

பிரிசில்லா மின்முனையைக் கழுவி மறுபடி வைத்தாள். அதே மேடு. அவள் முகம் வாடிவிட்டது. "இருக்கு மேடம். கொஞ்சந்தான், ஆனா இருக்கு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்தப் பாட்டிலில் முந்தின வாரம் நைட்ரைட் கரைசல் இருந்தது. மூன்று முறை அலச வேண்டியதை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே முறை அலசி நிரப்பிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சத்தை மண்பூச்சு கண்டுபிடித்துவிட்டது! என் கழுவலில் இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"தப்பு என்னுதுங்க மேடம். ஒரு தடவதான் அலசுனேன்."

மேடம் என்னை முறைத்தார். புதுப் பாட்டிலில் அவரே நீர் பிடித்து வந்தார். இந்த முறை திரையில் மேடு இல்லை. அனுமதிக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நான் தலைகுனிந்து வெளியே நடந்தேன். பிரிசில்லா பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, திங்கக்கெழம காடாம்புலியூர் போறோம். பாட்டிலுங்கள நீங்கதான் அலசித் தரணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உள்ளே திரும்பிப் போய், முதல் பாட்டிலை எடுத்து மூன்று முறை அலசினேன்.